‘ஜிஸ்ட்’ வேறு, ‘ட்ரிஃப்ட்’ வேறு

ஒருவர் கூறியதன் பொதுப்பொருளை விளங்கிக்கொண்டோம் என்பதைத் தெரிவிப்பதற்கு ஆங்கிலத்தில் ஒன்றல்ல, பல மரபுத்தொடர்கள் வழக்கிலுள்ளன. ‘கெட் த ஜிஸ்ட்’, ‘கெட் த ட்ரிஃப்ட்’, ‘கெட் த பிக்சர்’, ‘கெட் த ஐடியா’, ‘கெட் த மெசேஜ்’, ‘கெட் த பொயின்ட்’ என்பன அவற்றுட் சில. எமது மாணவர்கள் கையாளும் பரீட்சை வழிகாட்டிகளிலும் சிறு அகராதிகளிலும் இவற்றுக்கு நேரே ‘சாராம்சத்தை விளங்கிக்கொள்ளல்’ அல்லது ‘கருத்தைப் புரிந்துகொள்ளல்’ என்பதற்கு மேலாக எதனையும் காண்பது அரிது. ஆறு தொடர்களுக்கும் ஒரே பொருள் என்ற எண்ணம் மாணவப் பருவத்திலேயே பதிந்துவிடுகிறது.

பரீட்சையில் ஓரிரு புள்ளிகள் குறைவதோடு காரியம் முடிந்துவிடுமாயின் இதைப்பற்றி இப்பக்கத்தில் எழுதவேண்டிய தேவை இராது. 1987 ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தம் ஆங்கிலத்தை இந்நாட்டின் இணைப்பு மொழியாக அரசியலமைப்பிலேயே குறித்து வைத்திருக்கிறது. உயர் நீதிமன்றத் தீர்ப்புகளும், வெளிநாட்டுத் தூதுவர்களுடனான சந்திப்புகளும், சர்வதேச அமைப்புகளுக்கு அனுப்பப்படும் மகஜர்களும் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே அமைகின்றன. தமிழ், முஸ்லிம் மக்களின் பிரதிநிதிகள் தமது பிரச்சினைகளை ஓர் இராஜதந்திரியிடம் எடுத்துரைத்துவிட்டு வெளியே வந்து, ‘அவர் எமது கருத்தை ஏற்றுக்கொண்டார்’ என்று செய்தியாளர்களிடம் கூறுவதை நாம் அடிக்கடி கேட்கிறோம். உள்ளே அவர் உண்மையில் உச்சரித்த தொடர் எது என்பதைப் பொறுத்து அக்கூற்று சரியாகவும் இருக்கலாம், முற்றிலும் பிழையாகவும் இருக்கலாம்.

மேற்குறிப்பிட்ட தொடர்கள் ‘விளங்கியது’ என்று மட்டும் கூறுவதில்லை. விளங்கிய பொருள் எங்கே கிடந்தது என்பதையும் சேர்த்தே கூறுகின்றன. அது சொல்லப்பட்ட சொற்களுக்குள்ளேயே இருந்ததா, சொல்லாமல் விடப்பட்டதிலிருந்து கேட்டவர் ஊகித்ததா, அல்லது பல துண்டுகளை ஒன்றோடொன்று பொருத்திப் பெறப்பட்டதா என்பதிலேயே வேறுபாடு தங்கியிருக்கிறது. பின்னொரு நாள் ‘நான் அப்படிச் சொல்லவில்லையே’ என்று பேசியவர் மறுப்பாராயின், பொறுப்பு யாரைச் சாரும் என்ற கேள்விக்கும் விடை இதற்குள்ளேயே உண்டு.

முதலில் ‘ஜிஸ்ட்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். இது நீதிமன்றத்திலே பிறந்த சொல். 1066 இல் நோர்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின்னர் அந்நாட்டுச் சட்டத்துறையில் பிரெஞ்சு மொழி வேரூன்றியது. வாய்மொழி வாதங்கள் ஆங்கிலத்தில் நடைபெறவேண்டும் என 1362 இலேயே சட்டமியற்றப்பட்ட போதிலும், சட்டத்தரணிகள் தமது கலப்புப் பிரெஞ்சை இலகுவில் கைவிடவில்லை. நீதிமன்ற ஆவணங்களும் ஆங்கிலத்திலேயே அமையவேண்டும் என்ற சட்டம் 1733 இலேதான் நடைமுறைக்கு வந்தது. அக்கலப்பு மொழியில் ஒரு வழக்கு எந்த அடிப்படையில் ‘கிடக்கிறது’, அதாவது எதன்மீது தங்கி நிற்கிறது என்பதைக் கூறும்போது ‘ஜிஸ்ட்’ என்ற வினைச்சொல் பயன்பட்டது. ‘கிடத்தல்’ என்ற பொருளுடைய இலத்தீன் வினையிலிருந்து வந்த சொல் இது. பிரெஞ்சுக் கல்லறைகளில் ‘இங்கே உறங்குகிறார்’ என்று பொறிக்கப்படும் வாசகத்தில் இன்றும் இதே சொல்லைக் காணலாம். ஒரு தீர்ப்புக்கு எதிராக மேன்முறையீடு உண்டு என்பதை எமது சட்டத்தரணிகள் ஆங்கிலத்தில் கூறும்போது மேன்முறையீடு ‘கிடக்கிறது’ என்ற பொருள்படும் வினையையே கையாளுகின்றனர். அது இந்தப் பழைய பிரெஞ்சு வழக்கின் எச்சமாகும்.

ஆகவே ‘ஜிஸ்ட்’ என்பது முதலில் சுருக்கத்தைக் குறிக்கவில்லை. எதனை அகற்றினால் வழக்கே விழுந்துவிடுமோ அந்த அடித்தளத்தையே குறித்தது. எந்த விடயத்தினதும் சாரம் என்ற பொதுப்பொருள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வழக்குப் பெற்றது. ஆயினும் பிறந்த இடத்தின் குணம் சொல்லை விட்டு நீங்கவில்லை. ஓர் உரையின் ‘ஜிஸ்ட்’ இன்னதென ஒருவர் கூறினால், அந்த உரையை எடுத்து வைத்து அது சரியா பிழையா எனச் சரிபார்க்க முடியும். எமது உரைமரபில் பதவுரைக்கு அடுத்து வரும் பொழிப்புரை ஏறத்தாழ இதற்குச் சமமானது. பொழிப்பு எழுதியவர் மூலத்தில் இல்லாத ஒன்றைப் புகுத்தினால் அது பொழிப்பன்று. மாணவன் கூட அதைச் சுட்டிக்காட்டலாம்.

இலக்கண அமைப்பிலும் இக்குணம் தெரிகிறது. பேச்சின், கடிதத்தின், அறிக்கையின் ‘ஜிஸ்ட்’ என்றே ஆங்கிலத்தில் எழுதுவர். அது பொருளுக்கு உரியது, ஆளுக்கு உரியதன்று. ‘எனது ஜிஸ்ட் விளங்கியதா?’ என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள் என்பது உண்மையே. அது பேச்சில் வரும் கலப்பு. கவனமாக எழுதுபவர்கள் அவ்வாறு எழுதுவதில்லை. அத்துடன் ‘ஜிஸ்ட்’டைக் கேட்டுப் பெறலாம், கொடுக்கலாம். கூட்டத்துக்குப் பிந்தி வந்தவர் அருகிலிருப்பவரிடம் அதைத் தரும்படி கேட்பது வழமையானது. ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்பிக்கும் பாடநூல்கள் ஒரு பந்தியை விரைவாக வாசித்துப் பொதுப்பொருளை உணரும் பயிற்சிக்கு இச்சொல்லையே சூட்டியிருக்கின்றன. ‘ட்ரிஃப்ட்’டுக்காக வாசிக்கும் பயிற்சி என எந்தப் பாடநூலும் கூறுவதில்லை.

மனித நினைவே பெரும்பாலும் இவ்வாறுதான் இயங்குகிறது என்பதை ஜக்குலின் சக்ஸ் என்ற உளவியலாளர் 1967 இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. ஒலிப்பதிவு செய்யப்பட்ட பந்திகளை அவர் சிலரைக் கேட்கச் செய்தார். பின்னர் அவற்றில் இருந்த ஒரு வாக்கியத்தை அப்படியே அல்லது சற்று மாற்றி மீண்டும் ஒலிக்கச் செய்து, மாற்றம் ஏதும் உண்டா என வினவினார். அரை நிமிடமளவு கடந்ததுமே செய்வினை செயப்பாட்டுவினையாக மாறியிருப்பதைக் கேட்டவர்களால் உறுதியாக இனங்காண முடியவில்லை. ஆனால், பொருள் மாறியிருந்தால் அதைக் கண்டுகொண்டனர். சொற்கள் போய்விடுகின்றன, சாரம் தங்கிவிடுகிறது.

பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்ததுபோல, நமது காலத்தில் ‘ஜிஸ்ட்’ மீண்டும் நீதிமன்றத்தில் ஏறி நின்றது. இம்முறை அதில் மனிதர்களின் சுதந்திரம் தங்கியிருந்தது. பிரித்தானியாவில் 2005 ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடுப்புச் சட்டம் ‘கட்டுப்பாட்டு உத்தரவு’ என்ற முறையை ஏற்படுத்தியது. குற்றஞ்சாட்டி வழக்குத் தொடராமலேயே, சந்தேகத்தின் பேரில் ஒருவரை நாளொன்றில் பல மணித்தியாலங்கள் வீட்டுக்குள் அடைத்து வைக்கவும், அவர் யாருடன் பேசலாம், எங்கே செல்லலாம் என்பதை வரையறுக்கவும் அது இடமளித்தது. அதற்கான ஆதாரங்கள் இரகசியமானவை. சம்பந்தப்பட்டவருக்கோ அவரது சட்டத்தரணிக்கோ அவை காட்டப்படமாட்டா. அவர் சார்பில் நியமிக்கப்படும் ‘விசேட சட்டவாதி’ ஒருவர் மட்டும் அவற்றைப் பார்க்கலாம். ஆனால், பார்த்த பின்னர் தாம் யாருக்காக வாதாடுகிறாரோ அவருடன் அவர் பேச முடியாது. தன்மீது சுமத்தப்பட்டது என்னவென்றே அறியாத ஒருவர் அதை எவ்வாறு மறுப்பார்?

2009 ஜூன் மாதம் 10 ஆம் திகதி பிரபுக்கள் சபையின் ஒன்பது சட்டப் பிரபுக்கள் இக்கேள்விக்கு ஒருமனதாக விடை பகர்ந்தனர். ‘ஏ.எஃப்.’ என்ற எழுத்துகளால் மட்டும் அறியப்படும் ஒருவரின் வழக்கு அது. அவ்வாண்டு பெப்ரவரியில் மனித உரிமைகளுக்கான ஐரோப்பிய நீதிமன்றம் வழங்கியிருந்த தீர்ப்பைப் பின்பற்றி, இரகசியத் தகவலின் மூலங்களையோ விபரங்களையோ வெளியிடாவிட்டாலும், தன்மீதான குற்றச்சாட்டுகள் குறித்து சட்டவாதிக்குப் பயனுள்ள அறிவுறுத்தல்களை வழங்கப் போதுமான தகவலையாவது சம்பந்தப்பட்டவருக்கு வழங்கியாகவேண்டும் என அவர்கள் தீர்ப்பளித்தனர். பொத்தாம் பொதுவான கூற்றுகளை மட்டும் கையளித்துவிட்டு முழு வழக்கையும் இரகசிய ஆதாரங்களின்மீது நடத்துவது நியாயமான விசாரணை ஆகாது என்பதே அதன் கருத்து. இரகசிய ஆவணம் ஒன்றின் சாரத்தை இவ்வாறு பிரித்து வழங்குவதற்குப் பிரித்தானியச் சட்டத்துறையில் ‘ஜிஸ்டிங்’ என்ற சொல்லே வழக்கிலுள்ளது. இதற்கு முன்னரும், 1993 இல், ஆயுட்காலச் சிறைக்கைதிகள் தொடர்பான ஒரு வழக்கில், ஒருவர் பதிலளிக்கவேண்டிய வழக்கின் ‘ஜிஸ்ட்’டை அவருக்கு அறிவிப்பதை நியாயம் பெரும்பாலும் வேண்டிநிற்கும் என மஸ்டில் பிரபு கூறியிருந்தார்.

கட்டுப்பாட்டு உத்தரவுகள் 2011 இல் வேறொரு முறையால் பதிலீடு செய்யப்பட்டன. எமது நோக்கத்துக்கு முக்கியமானது அச்சொல்லே. குற்றச்சாட்டின் ‘ட்ரிஃப்ட்’டை மட்டும் தெரிவித்தாற் போதும் என எந்த நீதியரசரும் கூறியிருக்க முடியாது. அது எந்தப் பக்கமாகச் செல்கிறது என்பது அந்த மனிதருக்கு ஏற்கெனவே தெரியும். அவரது வீட்டு வாசலிலே பொலிஸார் வந்து நின்றபோதே தெரிந்துவிட்டது.

இனி ‘ட்ரிஃப்ட்’டுக்கு வருவோம். ‘ஓட்டிச் செல்லுதல்’ என்ற பொருளுடைய வினையடியிலிருந்து பிறந்தது இச்சொல். காற்று அள்ளிச் சென்று குவித்த பனியும், நீரோட்டத்தில் மிதந்து செல்லும் மரக்கட்டையும் ‘ட்ரிஃப்ட்’ என்ற சொல்லால் குறிக்கப்படுபவை. ஒருவரது பேச்சு எத்திசையில் செல்கிறது, அவர் எங்கே கொண்டுபோய் நிறுத்த எண்ணுகிறார் என்ற பொருள் பதினாறாம் நூற்றாண்டிலேயே இச்சொல்லுக்கு ஏற்பட்டுவிட்டது. ஷேக்ஸ்பியரின் நாடகங்களில் மனதிலுள்ள எண்ணம், திட்டம் என்ற பொருளில் இது வருகிறது. அடித்தளம் ஓரிடத்தில் கிடக்கும். நீரோட்டமோ நகர்ந்துகொண்டே இருக்கும். இரண்டு சொற்களின் பிறப்பிலேயே இந்த வேறுபாடு இருக்கிறது.

‘ஜிஸ்ட்’ பொருளுக்கு உரியது என்றோம். ‘ட்ரிஃப்ட்’ ஆளுக்கு உரியது. எனது, உனது, அவரது என்ற சொற்கள் அதனோடு இயல்பாக ஒட்டிக்கொள்ளும். ‘எனது ட்ரிஃப்ட் விளங்குகிறதா?’ என்று ஓர் ஆங்கிலேயர் கேட்டால், தாம் வாய்விட்டுக் கூறாத ஒன்று அங்கே உண்டென்றும், அதைக் கூறவைக்காமலேயே கேட்பவர் விளங்கிக்கொள்ளவேண்டும் என்றும் பொருள். குரலைச் சற்றுத் தாழ்த்தி, புருவத்தை உயர்த்தி, எமது ஊரில் ‘நான் சொல்ல வாறது விளங்குதுதானே?’ என்று கேட்பது இதற்கு மிக அண்மித்தது. இலஞ்சம் கேட்பவரும், மிரட்டுபவரும், காதலைத் தெரிவிக்கத் தயங்குபவரும் விரும்பி நாடும் தொடர் இது. நன்னூலார் சொற்களை வெளிப்படை என்றும் குறிப்பு என்றும் பிரித்தார். திருக்குறளில் ‘குறிப்பறிதல்’ என்ற ஒரே தலைப்பில் இரண்டு அதிகாரங்கள் இருக்கின்றன. ஒன்று அரசனின் குறிப்பை அறிவது பற்றியது. மற்றையது காதலரின் குறிப்பை அறிவது பற்றியது. அதிகாரத்திலும் காதலிலும் தான் மனிதர் அதிகமாகச் சொல்லாமற் சொல்கிறார்கள் என்பதை வள்ளுவர் நன்கறிந்திருந்தார். ஆதலால் ‘ட்ரிஃப்ட்’டுக்குத் தமிழ் தேடி அலையவேண்டியதில்லை. குறிப்பு, உட்கிடை, சாடை என்பன கைவசம் உள்ளன.

அரசனின் குறிப்பை அறிவது எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு ஆங்கில வரலாற்றில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் சம்பவம் 1170 இல் நிகழ்ந்தது. இரண்டாம் ஹென்றி மன்னருக்கும் கன்டர்பரி பேராயர் தோமஸ் பெக்கெட்டுக்கும் இடையில் பகை முற்றியிருந்த வேளையில், தம்மைச் சூழ்ந்திருந்தவர்களை நோக்கி மன்னர் சினந்து பேசினார். அவர் துல்லியமாக என்ன சொற்களைக் கூறினார் என்பதில் பழைய குறிப்புகள் ஒன்றோடொன்று உடன்படுவதில்லை. கொல்லும்படி அவர் நேரடியாகக் கட்டளையிட்டதாக வரலாறு கூறவில்லை. எனினும், நால்வர் நோர்மண்டியிலிருந்து கடல் கடந்து சென்று, டிசெம்பர் 29 ஆம் திகதி தேவாலயத்துக்குள்ளேயே பேராயரை வெட்டிக்கொன்றனர். அவர்கள் மன்னரின் ‘ட்ரிஃப்ட்’டை விளங்கிக்கொண்டார்கள், அல்லது விளங்கிக்கொண்டதாக நினைத்துக்கொண்டார்கள். 1174 இல் மன்னர் கன்டர்பரிக்குச் சென்று பகிரங்கமாகப் பிராயச்சித்தம் செய்தார்.

எண்ணூற்றைம்பது ஆண்டுகளுக்கு முந்திய இக்கதை 2017 ஜூன் 8 ஆம் திகதி அமெரிக்க செனட் சபையின் புலனாய்வுக் குழு முன்னிலையில் மீண்டும் நினைவுகூரப்பட்டது. எஃப்.பி.ஐ. பணிப்பாளர் பதவியிலிருந்து அதற்கு முந்திய மாதம் நீக்கப்பட்டிருந்த ஜேம்ஸ் கோமி அன்று சாட்சியமளித்தார். பெப்ரவரி 14 ஆம் திகதி ஜனாதிபதி டொனால்ட் ட்ரம்ப் தம்மைத் தனியாக அழைத்து, முன்னாள் தேசிய பாதுகாப்பு ஆலோசகர் மைக்கல் ஃபிளின் தொடர்பான விசாரணையை விட்டுவிட வழியிருக்கும் எனத் தாம் நம்புவதாகக் கூறினார் என்பது அவரது கூற்று. செனட்டர் ஜேம்ஸ் ரிஷ் அங்கேதான் பிடித்துக்கொண்டார். ஜனாதிபதி கட்டளையிட்டாரா? அவரது சொற்களில் இல்லை என்றார் கோமி. நம்புகிறேன் என்றுதானே கூறினார்? ஆம். ஒன்றை நம்பியதற்காக எவர் மீதாவது வழக்குத் தொடரப்பட்டதாக அறிவீர்களா? தமக்குத் தெரிந்தவரை இல்லை என்றார் கோமி. ஆயினும் நாட்டின் ஜனாதிபதி தனிமையில் வைத்துக் கூறியதால் அதைத் தாம் ஒரு பணிப்பாகவே எடுத்துக்கொண்டதாக அவர் விளக்கினார். செனட்டர் அங்கஸ் கிங் மேலும் வினவியபோது இரண்டாம் ஹென்றியின் பெயரால் வழங்கும் அந்த வாசகமே கோமியின் நாவில் வந்தது. தாமும் அதையே கூற இருந்ததாகச் செனட்டர் பதிலளித்தார். ட்ரம்ப் தாம் அவ்வாறு கூறவில்லை என மறுத்தார்.

இந்த விசாரணையில் ரிஷ் நின்றது ‘ஜிஸ்ட்’டின் பக்கம், கோமி நின்றது ‘ட்ரிஃப்ட்’டின் பக்கம். இருவரில் எவரையும் ஆங்கிலம் அறியாதவர் எனக் கூற முடியாது. கூறப்பட்டதாகச் சொல்லப்படும் சொற்களுக்குள் கட்டளை இல்லை; அச்சொற்கள் செல்லும் திசையில் கட்டளை இருந்தது என்பது கோமியின் நிலைப்பாடு. மேலதிகாரி ஒருவர் குறிப்பால் உணர்த்தி, கீழுள்ளவர் அதைச் செய்து முடித்து, பின்னர் பழியையும் கீழுள்ளவரே சுமந்த கதைகள் எந்த நாட்டு அரச அலுவலகத்திலும் உண்டு. ‘ட்ரிஃப்ட்’டின் வசதியே இதுதான். பேசியவர் எந்நேரமும் பின்வாங்கலாம்.

‘கெட் த பிக்சர்’ இவ்விரண்டிலிருந்தும் வேறுபட்டது. இங்கே விளங்கிக்கொள்ளப்படுவது ஒரு பேச்சன்று, ஒரு நிலைமை. பல தகவல்கள் பல இடங்களிலிருந்து வந்து சேர்ந்து மனதில் ஒரு முழுக்காட்சியாகின்றன. அன்றாடப் பேச்சில் இத்தொடருக்கு ஒரு கடுமையும் உண்டு. ‘விளங்கிவிட்டது, போதும் நிறுத்து’ என்று இடைமறிப்பதற்கும், ‘நிலைமை புரிந்ததா?’ என்று எச்சரிப்பதற்கும் அதைப் பயன்படுத்துவர். பெரியவர்களிடம் பிரயோகிக்கத் தகாதது.

‘ஜிஸ்ட்’ பிழைத்துப்போயும் ‘பிக்சர்’ சரியாக இருக்க முடியுமா? முடியும் என்பதற்கு வோட்டர்கேட் விவகாரத்தில் ஒரு வியப்பான சான்று உண்டு. ஜனாதிபதி நிக்சனின் வெள்ளை மாளிகைச் சட்ட ஆலோசகராக இருந்த ஜோன் டீன் 1973 ஜூன் மாத இறுதியில் செனட் விசாரணைக் குழு முன் தோன்றி, 245 பக்க அறிக்கை ஒன்றை வாசித்தார். மாதக்கணக்கில் முன்னர் நடந்த உரையாடல்களை அவர் விபரமாக விபரித்தமையைக் கேட்டவர்கள் அவரை ஒரு மனித ஒலிப்பதிவுக் கருவி என வியந்தனர். அடுத்த மாதமே உண்மையான ஒலிப்பதிவுக் கருவிகள் வெள்ளை மாளிகையில் இயங்கிவந்தமை வெளியாகிற்று. அவ்வொலிப்பதிவுகளின் எழுத்துவடிவங்கள் 1974 ஏப்ரலில் வெளியிடப்பட்டன.

அல்ரிக் நைஸர் என்ற உளவியலாளர் டீனின் சாட்சியத்தையும் எழுத்துவடிவங்களையும் வரிக்கு வரி ஒப்பிட்டு 1981 இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். 1972 செப்டெம்பர் 15 ஆம் திகதிய சந்திப்பைப் பொறுத்தவரை டீன் கூறியதில் பெரும்பகுதி நடக்கவே இல்லை. தாம் நன்றாகச் செயற்பட்டதாக ஜனாதிபதி பாராட்டினார் என்றும், தமது பணிகள் குறித்து ஹோல்டமன் தெரியப்படுத்தி வந்ததாக அவர் கூறினார் என்றும் டீன் சாட்சியமளித்திருந்தார். ஒலிநாடாவில் உரையாடலின் அப்பகுதியில் நிக்சன் அவ்வாறு கூறவில்லை. விடயம் என்றாவது ஒருநாள் சிக்கலாகலாம் என்று தாம் எச்சரித்ததாக டீன் கூறியிருந்தார். ஒலிநாடாவிலோ, எதிர்பாராத எதுவும் நிகழாது என்றே அவர் ஜனாதிபதிக்கு நம்பிக்கையூட்டிக்கொண்டிருந்தார். சொற்கள் மட்டுமன்றி, அந்த உரையாடலின் சாரமே பிழை. ஆனால், டீன் நிலைநாட்ட முனைந்த பெரும் உண்மை, அதாவது உண்மையை மூடிமறைக்கும் முயற்சி நடந்தது, நிக்சன் அதை அறிந்திருந்தார் என்பது, சரியானதே. பல சந்திப்புகளில் திரும்பத் திரும்ப உணர்ந்த ஒன்றை ஒரே சந்திப்பின் உரையாடலாக அவரது நினைவு தைத்துவிட்டது. 1974 ஓகஸ்டில் நிக்சன் பதவி துறந்தார்.

சாட்சிகளின் வாக்குமூலங்களைக் கையாள்பவர்கள் இக்கட்டுரையை அவசியம் படிக்கவேண்டும் என்பேன். தனது ஊரிலே நடந்ததை ஒருவர் பல ஆண்டுகளுக்குப் பின்னர் ஓர் ஆணைக்குழுவின் முன் கூறும்போது, எந்தத் திகதியில் யார் என்ன சொன்னார் என்பதில் அவர் தடுமாறலாம். அத்தடுமாற்றத்தை மட்டும் வைத்து அவர் கண்ட நிலைமையே பொய் என முடிவு கட்டுவது ‘ஜிஸ்ட்’டையும் ‘பிக்சர்’ஐயும் போட்டுக் குழப்புவதாகும். மறுபுறம், நிலைமை உண்மையாக இருப்பதனால் அவர் கூறும் ஒவ்வோர் உரையாடலும் அப்படியே நிகழ்ந்தது என்றும் கொள்ள முடியாது.

‘கெட் த ஐடியா’ பற்றி அதிகம் கூறத் தேவையில்லை. மேற்கொண்டு செல்லப் போதுமான அளவு விளங்கியது என்பதே அதன் பொருள். இரண்டு மூன்று உதாரணங்களைக் கூறிவிட்டு, மீதியை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம் என விட்டுவிடும்போது அது பயன்படும். தவறான ‘ஐடியா’வைப் பெற்றுவிடாதே என்றால் மட்டும் கவனம் தேவை. அது பெரும்பாலும் பேசியவரின் நோக்கத்தைப் பிழையாக எண்ணிவிடாதே என்ற வேண்டுகோள். ‘கெட் த மெசேஜ்’ என்பதில் ஒரு கசப்பு கலந்திருக்கிறது. பல தடவை தொலைபேசி அழைப்புகளுக்குப் பதில் வராதபோது, ‘எம்மை அவர்களுக்கு வேண்டாம்’ என ஒருவர் விளங்கிக்கொள்கிறாரே, அதுதான். ஆனால், எனது ‘மெசேஜ்’ கிடைத்ததா என்று கேட்டால் கசப்பும் இல்லை, குறிப்பும் இல்லை. அனுப்பிய தகவல் வந்து சேர்ந்ததா என்பதே கேள்வி. ஒரு சிறு சொல் மாறியதும் தொடர் தலைகீழாகிவிடுகிறது.

சுருக்கத்தைக் குறிக்கும் சொற்களும் இவற்றோடு கலந்துவிடுவதுண்டு. ‘அப்ஷொட்’ என்பது வில்வித்தைப் போட்டியின் கடைசி அம்பு. ஆகவே அது சாரமன்று, இறுதி விளைவு. ‘பொட்டம் லைன்’ கணக்கேட்டின் கடைசி வரி. இலாபமா நட்டமா என்பதே அங்கு பேச்சு. ‘இன் எ நட்ஷெல்’ என்பதற்குப் பின்னால் இலியட் காவியம் முழுவதையும் எழுதிய தோற்சுவடி ஒன்று ஒரு கொட்டைக்குள் அடங்கியதாக பிளினி எழுதிவைத்த கதை இருக்கிறது. நம்புவதும் நம்பாததும் வாசகரின் விருப்பம்.

எம்மவர்களை அதிகம் இடறவைப்பது ‘பொயின்ட்’ குடும்பம். ‘பொயின்ட்’ என்பது ஒருவர் எதற்காகப் பேசினாரோ அந்த ஒன்று. பத்து நிமிடப் பேச்சின் ‘ஜிஸ்ட்’டைப் பிழையின்றிக் கூறிவிட்டு, அதன் ‘பொயின்ட்’டைத் தவறவிடுவது சாத்தியம். ஒரு தாய் மகனிடம் அயல்வீட்டுப் பையனின் பரீட்சைப் பெறுபேறுகளை விரிவாகக் கூறுகிறார் என வைத்துக்கொள்வோம். மகன் அதை அப்படியே ஒப்புவிக்கலாம். அவர் ஏன் அதைக் கூறினார் என்பது விளங்காவிட்டால் என்ன பயன்? ‘மிஸ் த பொயின்ட்’ என்பது ஆங்கிலத்தில் சற்றுக் கடுமையான குறைகூறலாக இருப்பதற்குக் காரணம் இதுவே.

இக்குடும்பத்தின் மரியாதைத் தொடர்களை நிறுத்துப் பார்க்கவேண்டும். ‘ஐ சீ யுவர் பொயின்ட்’ என்றால், நீங்கள் எதற்காக வாதிடுகிறீர்கள் என்பது எனக்குத் தெரிகிறது, அவ்வளவுதான். ‘ஐ டேக் யுவர் பொயின்ட்’ ஒரு படி மேலே சென்று, உங்கள் வாதத்தில் கவனிக்கத்தக்கது உண்டு என ஒப்புகிறது. ஆயினும், பெரும்பாலும் அதை அடுத்து ‘பட்’ என்ற சொல் வந்துவிடும். ‘யூ ஹாவ் எ பொயின்ட்’ ஒரு விடயத்தில் மட்டும் விட்டுக்கொடுப்பது. ‘பொயின்ட் டேக்கன்’ என்பது ஒரு கண்டனத்தை ஏற்பது. பலவேளைகளில் அப்பேச்சை அத்துடன் முடித்துக்கொள்வதற்கான வழியும் அதுவே. இவற்றுள் எதுவும் எதனையும் செய்வதாக வாக்களிக்கவில்லை. இவற்றைக் கேட்டுவிட்டு வெளியே வந்து ‘ஏற்றுக்கொண்டார்’ எனக் கூறினால், செய்தி அவ்வாறே அச்சாகிறது. கிராமங்களில் மக்கள் அதை வாசித்து எதிர்பார்ப்போடு காத்திருக்கிறார்கள். அடுத்த மாதம் எதுவும் நடக்காதபோது அந்த நாடு ஏமாற்றிவிட்டது என்ற மனக்குறை எழுகிறது. தூதுவர் எதனையும் மீறவில்லை. அவர் எதையும் ஏற்றிருக்கவே இல்லை.

செய்தி மேசையில் நடப்பதும் இதனோடு தொடர்புடையது. ‘கவலை தெரிவித்தார்’ என்பது மூலத்திலிருக்க, ‘கண்டித்தார்’ எனத் தலைப்பு வருகிறது. மொழிபெயர்ப்பாளர் பொய்யர் அல்லர். அவர் இராஜதந்திரியின் ‘ட்ரிஃப்ட்’டை உணர்ந்து, அதையே ‘ஜிஸ்ட்’டாக எழுதிவிடுகிறார். அவரது ஊகம் சரியாகவே இருக்கலாம். ஆனால், மறுநாள் தூதரகம் மறுப்பு அனுப்பும்போது, மூலத்தில் அச்சொல் இல்லை என்பதுதான் எஞ்சி நிற்கும். குறிப்பை எழுதவேண்டுமாயின் அதைச் செய்தி ஆய்வில், எழுதுபவரின் பொறுப்பில் எழுதலாம். செய்தியில் சாரம் மட்டுமே இடம்பெறவேண்டும்.

ஐக்கிய நாடுகள் சபையே இச்சிக்கலை உணர்ந்து ஒரு தெளிவுபடுத்தலைச் செய்திருக்கிறது. தீர்மானங்களில் அடிக்கடி வரும் ‘டேக்ஸ் நோட் ஒஃப்’ என்ற தொடர் அங்கீகாரத்தையும் குறிக்காது, அங்கீகார மறுப்பையும் குறிக்காது, அது நடுநிலையான தொடர் என 2001 செப்டெம்பரில் பொதுச் சபை ஒரு முடிவின் மூலம் பதிவுசெய்தது. ஜெனீவாவில் ஓர் அறிக்கை குறித்து இத்தொடர் இடம்பெறும்போது எமது பத்திரிகைகள் ஒன்றில் ‘வரவேற்றது’ என்றும் மற்றொன்றில் ‘ஏற்றுக்கொண்டது’ என்றும் எழுதுமாயின், இரண்டும் பிழை. வரவேற்பதற்கு ‘வெல்கம்ஸ்’ என்ற தனிச்சொல் அங்கே உண்டு. வரைவு தயாரிப்பவர்கள் அதை விட்டு இதை இடுவதற்காகச் சிலவேளை நாட்கணக்கில் பேரம் பேசுகிறார்கள். ‘குறித்துக்கொள்கிறது’ என்ற தட்டையான சொல்லே இத்தொடருக்குப் பொருந்தும்.